நிறைவைத் தேடும் நெஞ்சமும் நிலைவாழ்வின் எதிர்நோக்கும்

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரையும் திருஅவை நினைவுகூர்கிறது. நம் மக்கள் இதைக் கல்லறைத் திருநாள் என்கிறார்கள். கல்லறைகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம்.

2021-ஆம் ஆண்டு, இந்த நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 26 அன்று, சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இத்தகைய சாவு வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவுதானா வாழ்க்கை?"

எதிர்நோக்கு என்றால் என்ன?

பழைய ஞானோபதேசத்தில் நம் முன்னோர் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று படித்தார்கள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று அமைந்தன (1 கொரி 13:13). எதிர்நோக்கு என்பது 'நடந்தாலும் நடக்கலாம்' என்னும் வெறும் ஆசையன்று. கிறிஸ்து சாவை வென்று உயிர்த்தார் என்பதே அதன் அடித்தளம்.

நிறையாத மனம்

வேலை கிடைத்தால் போதும் என்கிறோம். கிடைத்தபின் வீடு வேண்டும், பிள்ளைகளின் படிப்பு முடிய வேண்டும், திருமணம் நடக்க வேண்டும் என்கிறோம். எல்லாம் கிடைத்த பின்பும் உள்ளத்தில் ஏதோ ஒரு குறை. இது பேராசை மட்டுமா? இல்லை. புனித அகுஸ்தினார், புரோபா என்ற கைம்பெண்ணுக்கு எழுதிய மடலில் இதைப் பற்றிப் பேசுகிறார்: நாம் தேடும் பேரின்ப வாழ்வு எது என்று நமக்கே சரியாகத் தெரியாது, ஆனால் கையில் இருப்பது அதுவல்ல என்று மட்டும் தெரியும்.

திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட், 2007-இல் வெளியிட்ட 'ஸ்பே சால்வி' சுற்றுமடலில் இம்மடலை எடுத்துக்காட்டுகிறார். நிலைவாழ்வு என்பது முடிவே இல்லாமல் நீளும் நாள்கள் அல்ல, இறையன்பில் முழுமையாக மூழ்கும் நிறைவு என்று விளக்குகிறார் (எண் 12).

திருஅவையின் படிப்பினை

இறந்தவுடன் ஒவ்வொருவரும் தனித்தீர்ப்புக்கு உட்படுகின்றனர். விண்ணகம் என்பது மனித ஏக்கங்கள் அனைத்தும் நிறைவுபெறும் நிலை (கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி, எண் 1024). இறையருளில் இறந்தும் முழுத் தூய்மை அடையாதவர்கள் உத்தரிப்பு நிலையில் தூய்மை பெறுகின்றனர் (எண் 1030). கடவுளின் அன்பை இறுதிவரை மறுப்பவர் தம்மையே அவரிடமிருந்து பிரித்துக்கொள்வதே நரகம் (எண் 1033). இறுதி நாளில் உடலும் உயிர்த்தெழும். அதாவது, நாம் இழந்த அந்த மனிதரே முழுமையாக வாழ்வார்.

கண்ணீரும் நீதியும்

இலாசரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் இயேசு அழுதார் (யோவா 11:35). எனவே துயரத்தில் இருப்பவரிடம் "அழாதே, எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லி வாயடைப்பது கிறிஸ்தவ ஆறுதல் ஆகாது. எதிர்நோக்கு இல்லாதவரைப்போல் துயரப்பட வேண்டாம் என்றே புனித பவுல் கூறுகிறார் (1 தெச 4:13). துயரப்படவே கூடாது என்று கூறவில்லை.

பிறரின் அலட்சியத்தாலும் பேராசையாலும் ஏழைகள் சாகும்போது, சாவோடு எல்லாம் முடிந்தால் அவர்களுக்கு நீதி எங்கே? நிலைவாழ்வை நம்புவதற்கு மிக வலுவான காரணம் நீதி பற்றிய இக்கேள்வியே என்கிறார் திருத்தந்தை பெனடிக்ட் (ஸ்பே சால்வி, எண் 43). அதற்காக, நீதி மறுமையில் கிடைக்கட்டும் என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது.

நாம் செய்யவேண்டியது

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து, இறந்தோருக்காகச் செபித்து, ஒப்புரவு, நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்கான செபம் ஆகியவற்றை நிறைவேற்றுவோர், உத்தரிக்கும் ஆன்மாக்களுக்காகப் பரிபூரண பலன் பெறலாம். நம் உறவினருக்காக மட்டும் செபித்து நின்றுவிடக் கூடாது. நான்காம் நற்கருணை மன்றாட்டில், எவருடைய நம்பிக்கையை இறைவன் மட்டுமே அறிவாரோ அவர்களையும் திருஅவை நினைவுகூர்கிறது. ஆகவே தீயிலும் நஞ்சிலும் மடிந்த நம் அண்டை வீட்டாரும் அம்மன்றாட்டில் இடம்பெறுகின்றனர்.

மெழுகுதிரி ஏற்றிய கையோடு, குடும்பத் தலைவரை இழந்த வீட்டுக்கும் ஒருமுறை சென்று வருவோம். அங்குள்ள பிள்ளைகளின் படிப்புக்கு நம் பங்கிலிருந்து என்ன செய்யலாம் என்று கேட்போம். இறந்தோரை நிறைவுக்கு அழைத்துச் செல்பவர் இறைவன். இருப்போரைத் தாங்கும் பொறுப்பை அவர் நம்மிடம் தந்திருக்கிறார்.