குன்றின்மேற் கோவில்களும் குன்றடி மக்களும்

எதியோப்பியாவின் வடபகுதியான திக்ரேயில், கெரால்தா என்னும் மலைத்தொடரின் செங்குத்தான மணற்பாறைகளைக் குடைந்து அமைத்த கிறித்தவத் தேவாலயங்கள் பல உள. அவற்றை நடந்து சென்று காண விரும்புவோர், ஏறவேண்டிய உயரம், தங்குமிடம், வழிகாட்டி, குடிநீர் என்பனவற்றையே முதலிற் கணக்கிடுவர். இவை யாவும் வேண்டியனவே. ஆயினும், அம்மலையடியில் வாழும் மக்களின் வரலாற்றை அறியாது மேலேறுபவன், பாறையைக் காண்பானேயன்றித் தேவாலயத்தைக் காணமாட்டான்.

பயணம் பெரும்பாலும் ஹவ்சென் என்னும் சிறுநகரிலிருந்தே தொடங்குகின்றது. அங்கிருந்து மேகாப் என்ற ஊரை அடைந்தால், அபுனா யெமாதா குஹ் தேவாலயம் அமைந்த பாறைத்தூண்கள் வானளாவி நிற்பதைக் காணலாம். கடல் மட்டத்துக்கு மேல் 2,500 மீற்றருக்கும் அதிக உயரத்தில் அது உள்ளது. ஏறுவோர் ஓரிடத்திற் பாதணிகளைக் கழற்றிவிட்டு, தலைமுறை தலைமுறையாகக் கைகளும் கால்களும் பட்டுத் தேய்ந்த குழிகளைப் பற்றி ஏறவேண்டும். இறுதியில், ஒருபுறம் ஏறத்தாழ 200 மீற்றர் ஆழம் வாய்பிளந்து நிற்க, ஒடுங்கிய பாறை விளிம்பொன்றைக் கடக்கவேண்டும். உள்ளே அப்போஸ்தலரும் துறவியரும் வண்ண ஓவியங்களாக விளங்குகின்றனர். உல்லாசப் பயணி உயிரைப் பிடித்துக்கொண்டு செல்லும் இவ்வழியிலே, ஊர்த் தாய்மார் ஞானஸ்நானத்துக்காகக் கைக்குழந்தைகளைச் சுமந்து செல்கின்றனர்.

திக்ரேயின் குடைவரைத் தேவாலயங்கள் 1960களில் ‘கண்டுபிடிக்கப்பட்டன’ என எழுதுவோர் உளர். 1966ஆம் ஆண்டு அடிஸ் அபாபாவில் நடந்த மூன்றாவது அனைத்துலக எதியோப்பிய ஆய்வு மாநாட்டிலே, தெவெல்தே மெதின் யோசிப் என்ற எதியோப்பியக் குருவானவர் நூற்றுக்கு மேற்பட்ட தேவாலயங்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலானவை வெளியுலக அறிஞர் அறியாதவை. ஆனால் அவை மறைந்து கிடந்தவையல்ல. நாள்தோறும் வழிபாடு நடந்தவை. கதவின் திறவுகோல் ஊர்க் குருவிடம் இருந்தது; வழியை ஆடு மேய்க்கும் சிறுவனும் அறிந்திருந்தான். அறியாதிருந்தவர் வெளியாரே. தம் அறியாமை நீங்கிய நாளையே ஒரு நாட்டின் வரலாறு தொடங்கிய நாளாகக் கொள்வது, ஏகாதிபத்தியம் விட்டுச்சென்ற மனப்பழக்கமாகும்.

இத்தேவாலயங்கள் உயரத்தில் அமைந்தமைக்கு, முஸ்லிம் படையெடுப்பாளருக்கு அஞ்சியமையே காரணம் என்பர் சிலர். இது முழு உண்மையாகாது. வுக்ரோ சேர்கோஸ், அப்ரெஹா-அட்ஸ்பெஹா ஆகிய பெருந் தேவாலயங்கள் எவரும் எளிதில் அடையத்தக்க இடங்களிலேயே உள. உயர்ந்த பாறைகளைத் தேடிச் சென்றோர் பலர், தனிமையை நாடிய துறவியராவர். மேலும், 615ஆம் ஆண்டளவில் மெக்காவில் துன்புறுத்தப்பட்ட நபிகளாரின் தோழர்களுக்கு அடைக்கலமளித்தவன் இந்நாட்டின் கிறித்தவ அரசனே. அத்தோழர்களின் நினைவைப் போற்றும் நெகாஷ் என்னும் ஊர், வுக்ரோவுக்கு அண்மையிலேயே உள்ளது.

அப்ரெஹா-அட்ஸ்பெஹா தேவாலயம் நான்காம் நூற்றாண்டில், அக்சும் அரசு கிறித்தவத்தைத் தழுவிய காலத்தில் எழுந்தது என்பது மரபு. பல நூற்றாண்டுகள் பிந்தியது என்பது ஆய்வாளர் கருத்து. காலம் எதுவாயினும், மரபு போற்றும் பெயர்கள் அரசருடையனவும் துறவியருடையனவுமே. மரத்தாலும் கல்லாலும் கட்டிய அக்சும் மாளிகைகளின் உத்தரங்களையும் தூண்களையும் ஒரே பாறையிற் செதுக்கிக் காட்டிய தொழிலாளர் எவர்? அவர்களின் உளித்தடங்கள் உள; பெயர்கள் இல்லை. உழவனிடமிருந்து வரி பெறும் ‘குல்த்’ என்ற உரிமையை அரசர்கள் மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் வழங்கிய மானியமுறைச் சமுதாயத்திலே, மலைமேல் எரிந்த விளக்குக்கு எண்ணெய் அளித்தவன் அடிவாரத்து உழவனே.

அவ்வுழவனின் துயரம் பழங்கதையன்று. 1943இல் திக்ரே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, பேரரசன் ஹெயிலி செலாசிக்குத் துணையாகப் பிரித்தானிய விமானங்கள் மெக்கெலே மீது குண்டு வீசின. 1975இல் நாட்டுப்புற நிலங்களைத் தேசியமயமாக்கிய இராணுவ ஆட்சியே, 1988 யூன் 22ஆம் திகதி, சந்தை கூடிய நாளன்று, ஹவ்சென் மீது விமானத் தாக்குதல் நடத்தி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. நிலத்தை உழவனுக்கென்று கூறிய ஆட்சி உழவர் சந்தையையே எரித்தது என்பதை இடதுசாரிகளாகிய நாம் மறைத்தலாகாது. 2020 நவம்பரில் மூண்ட போர், 2022 நவம்பரிற் பிரித்தோரியா உடன்படிக்கையுடன் ஓயும்வரை, தேவாலயங்களும் மடங்களும் தாக்குண்டன. நெகாஷின் பள்ளிவாசலும் தப்பவில்லை.

ஆகவே, கெரால்தாவுக்குப் பயணம் வகுப்பவர், அங்குள்ள நிலைமையை முன்கூட்டியே உசாவி அறிதல் வேண்டும். வழிகாட்டிக்கும் பாறையிற் கைகொடுக்கும் இளைஞனுக்கும் உரிய கூலியைக் குறைக்காது கொடுத்தல் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, மலையேறுமுன் ஹவ்சென் சந்தையிற் சற்று நேரம் நிற்றல் வேண்டும். மேலே பாறையைக் குடைந்து நின்ற நம்பிக்கைக்கு உணவூட்டியவர்கள், அன்றும் இன்றும், அச்சந்தைக்குத் தானியம் சுமந்து வரும் மக்களே.