சூரியன் தொட்ட கம்பிகள் – 7: வெந்துபோன மின்மாற்றி

கனடாவின் கியூபெக் மாகாணம் இருண்ட இரவை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வானியலாளர் கேரிங்டனைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. 1859 செப்டம்பர் 1, காலை 11 மணி 18 நிமிடம். லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில்லில், வெளிர் வைக்கோல் நிறம் பூசிய கண்ணாடித் தட்டில் 11 அங்குல அகலத்துக்குச் சூரியனை விழவைத்துக் கரும்புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். புள்ளிக் கூட்டத்தின் நடுவே திடீரென இரண்டு வெண்ணொளித் திட்டுகள். சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடி ஒரு நிமிடத்துக்குள் திரும்பினார். அதற்குள் ஒளி மங்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள்கூட ஆகவில்லை, காந்தப் புயல் பூமியைத் தொட்டது. பாஸ்டன்–போர்ட்லண்ட் தந்திக் கம்பியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, புயல் தூண்டிய மின்னோட்டத்திலேயே செய்தி அனுப்பினார்கள். இருந்தும், அந்த ஒளியையும் புயலையும் உடனே முடிச்சுப் போட்டுவிட கேரிங்டன் அவசரப்படவில்லை. அந்த நிதானத்துக்காகவே அவர் என் நாயகன். 1892-இல் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்துகொண்டு, சூரியனுக்கும் காந்தப் புயலுக்கும் உள்ள பொருத்தம் வெறும் தற்செயல் என்று அடித்துப் பேசிய இயற்பியலாளர் கெல்வினை என்னால் மன்னிக்க முடியவில்லை. சூரியன் எல்லாத் திசையிலும் காந்த அலை வீசுவதாக வைத்துக் கணக்குப் போட்டார். துகள் திரள் ஒரே திசையில் பாய்ந்து வரலாம் என்று அவர் எண்ணவில்லை.

அப்படியொரு சூரியப் புயலால் 1989 மார்ச் 13-இல் கியூபெக்கில் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அச்சம் தருவது அதே புயலில் விளக்கு அணையாமல் இருந்த இடம்: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள சேலம் அணுமின் நிலையம். புயல் தரையில் தூண்டும் மின்னோட்டம், எர்த் செய்த நியூட்ரல் வழியாக மின்மாற்றிக்குள் ஏறுகிறது. அது ஏறக்குறைய நேர்மின்னோட்டம் போன்றது. இரும்பு உள்ளகம் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் காந்தத்தால் நிரம்பி வழிய, சிதறிய காந்தப்புலம் சுற்றியுள்ள உலோகத்தைச் சுடவைக்கிறது. கியூபெக்கில் பாதுகாப்புக் கருவிகள் துண்டித்துக்கொண்டதால் பெரும்பாலான சாதனங்கள் தப்பின. சேலத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது. மின்மாற்றி உள்ளுக்குள் வெந்தது. கைவிடப்பட்ட வேறோர் அணுமின் திட்டத்துக்காக வாங்கியிருந்த மின்மாற்றி கிடைத்ததால்தான் சில வாரங்களில் மாற்ற முடிந்தது.

வெளி மின்சாரம் அறுந்தாலும் அணு உலை தானே நின்றுவிடும், டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது, பிறகென்ன பயம் என்பார்கள். நியாயமான கேள்விதான், சூரியப் புயல் உலையைத் தொடுவதும் இல்லை. ஆனால் நிறுத்திய உலை உடனே ஆறுவதில்லை. 3,000 மெகாவாட் வெப்பத் திறனுள்ள உலை, ஒரு நாள் கழித்தும் சுமார் 15 மெகாவாட் வெப்பத்தைக் கக்கும். அதைத் தணிக்கும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். 2011-இல் புகுஷிமாவில் நிலநடுக்கம் வெளி மின்சாரத்தை அறுத்தது, சுனாமி டீசல் இயந்திரங்களை மூழ்கடித்தது. சூரியப் புயல் எதையும் மூழ்கடிக்காது என்பது உண்மை. ஆயினும் டீசல் இருப்பு நாட்கணக்கில்தான். பெரிய மின்மாற்றியோ, ஆர்டர் கொடுத்தபின் செய்யப்படுவது, வந்துசேர ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஒரு நிலையம் மட்டும் இருண்டால் பக்கத்து மாநிலத்து லாரி டீசல் கொண்டுவரும். பெரும் புயல் பல மாநிலங்களின் மின்தொகுப்பை ஒரே இரவில் சாய்த்தால், எண்ணெய்க் கிடங்கின் பம்பும் நின்றிருக்கும். ஆகவே அணு உலைப் பாதுகாப்பை உலையின் சுவருக்குள் மட்டும் தேடுவது போதாது. நியூட்ரலில் மின்னோட்டத் தடுப்பானும், கையிருப்பில் மாற்று மின்மாற்றியும் அந்தப் பாதுகாப்பின் பகுதிகளே. செலவு அதிகம் என்பதை ஏற்கிறேன். சேலத்தில் மாற்று மின்மாற்றி கிடைத்தது திட்டமிட்டு அல்ல என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கியூபெக் மின்தொகுப்பு சரிந்த அந்த 90 விநாடிகள், அடுத்த வாரம்.