முகமும் முகவரியும்

தில்லியில் ஒரு சிறிய கைவினைச் சந்தையில் நான்கு நாள் ஸ்டால் போட்டோம். போட்டவர் என் மனைவி. நான் பெட்டி தூக்கியவன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பனையோலைப் பெட்டிகளை வரவழைத்து இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தார். ஆர்டர் வருவது நின்றுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இந்தச் சந்தையும் கைகொடுக்காவிட்டால் கடையை மூடிவிடலாம் என்று வீட்டில் பேச்சு.

கடைசி நாள் இரவு கணக்குப் பார்த்தேன். கணக்கு எழுதுவதுதான் என் தொழில். ஸ்டால் வாடகை, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் கழித்தால் கையைக் கடித்தது. "நஷ்டம்" என்றேன். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன்னால் வைத்தார். "இதையும் கணக்குல சேத்துக்கங்க." உள்ளே பெயர்கள், தொலைபேசி எண்கள். வாங்கியவர்கள் மட்டுமல்ல, தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களும் இருந்தார்கள்.

அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போல வரலாற்றைப் புரட்ட ஆரம்பித்தேன் :-)

பழைய சந்தை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சரக்கை வண்டியில் கொண்டுபோய், விற்றுவிட்டு, காலி வண்டியோடு திரும்புவது. இது மாறியது 19-ஆம் நூற்றாண்டில். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் பொருட்களை விற்கவே கூடாது. விலையைக்கூட எழுதி வைக்க அனுமதியில்லை. பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஜெர்மனியின் லைப்சிக் நகரம் நூற்றாண்டுகளாகச் சரக்குச் சந்தை நடத்திய ஊர். அது 1895-இல் மாதிரிச் சந்தைக்கு மாறியது. எல்லாச் சரக்கையும் சுமந்து வர வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி போதும். பார்த்து ஆர்டர் கொடுங்கள், தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறோம் என்றார்கள். ரயிலும் தபாலும் இருந்ததால் இது நடந்தது. இன்றைய கூரியரையும் இணையத்தையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். என் மனைவி செய்தது ஏறக்குறைய அதுதான்.

நம் நாட்டில் இரண்டு வழியும் கலந்தே வந்தன. 1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டோடு ஒரு தொழிற்கண்காட்சி நடந்தது. சுதேசிப் பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அடுத்த வருடக் கடைசியில் கர்சன் பிரபு தில்லி தர்பாரை ஒட்டி குத்சியா பாக் தோட்டத்தில் இந்தியக் கலைக் கண்காட்சி ஒன்றைத் திறந்தார். நடத்தியவர் ஜார்ஜ் வாட். அங்கே இரவல் வாங்கி வைத்த பழைய அபூர்வப் பொருட்களுக்கு ஒரு கூடம், விற்பனைக்குத் தனியாக ஒரு கூடம். இதுவரைக்கும் பார், இதற்கு மேல் வாங்கு என்று பிரித்தே வைத்துவிட்டார்கள்!

பிரகதி மைதானம் 1972 நவம்பரில் ஆசியா 72 கண்காட்சிக்காகத் திறக்கப்பட்டது. கண்காட்சிகளுக்கென்றே ஒரு அரசு நிறுவனம் 1977-இல் செயல்பட ஆரம்பித்து, 1992-இல் ஐ.டி.பி.ஓ. ஆனது. நவம்பர் 14 முதல் 27 வரை அங்கே நடக்கும் வர்த்தகக் கண்காட்சிக்குப் போகாத தில்லிக்காரர் குறைவு. முதல் சில நாட்கள் வியாபாரிகளுக்கு, மிச்ச நாட்கள் பொதுமக்களுக்கு. மறுபடியும் அதே இரண்டு கூடம்தான். இந்த முறை நாட்களாகப் பிரித்திருக்கிறார்கள்.

சின்ன ஆட்களுக்கு வழி திறந்தது 1994-இல் ஐ.என்.ஏ. அருகே வந்த தில்லி ஹாட். கைவினைஞர்களுக்குப் பதினைந்து நாள் முறைவைத்து ஸ்டால். இடைத்தரகர் இல்லை, செய்தவரே விற்கலாம். ஆனால் பதினாறாம் நாள் அந்த இடத்தில் வேறொருவர் இருப்பார். "பையா, இது மறுபடி எங்கே கிடைக்கும்?" என்று ஒரு அம்மாள் கேட்பதையும், கடைக்காரர் ஒரு கசங்கிய சீட்டில் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுப்பதையும் நானே பார்த்திருக்கிறேன். முகம் இருந்தது, முகவரி இல்லை.

இணையக் கடையின் கதை நேர்மாறு. 1995 ஆகஸ்ட் 15-இல் இணையம் இங்கே பொதுமக்களுக்கு வந்தது. 1999-லேயே பெங்களூரில் ஃபேப்மார்ட் ஆரம்பித்துவிட்டது. முகவரி எல்லோரிடமும் இருந்தது, முகம்தான் இல்லை. பார்க்காத கடையில் பணம் கட்ட யாருக்கு மனசு வரும்? 2007-இல் ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கிய சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் பெங்களூரில் ஒரு புத்தகக் கடை வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களுக்கு புக்மார்க் அட்டை கொடுத்தார்கள். பின்னாளில் அவ்வளவு பெரிதான கடையே முதலில் ஆள் முன்னால் போய் நின்றுதான் ஆகவேண்டியிருந்தது.

சட்டமும் இந்த இரண்டு குறைகளைத்தான் பார்க்கிறது என்பது என் தொழிலில் தெரிந்துகொண்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, வேறு மாநிலத்துக்குப் போய் ஸ்டால் போடுகிறவர் ஐந்து நாள் முன்னதாகவே தற்காலிகப் பதிவு எடுத்து, உத்தேச வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். இன்னும் விற்காத பொருளுக்கு வரி! நிரந்தர இடம் இல்லாதவரை நம்ப முடியாது என்பது இதன் உட்பொருள். அந்த செப்டம்பரிலேயே கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு கொடுத்தார்கள். பிறருடைய இணையத் தளத்தின் வழியாகச் சரக்கு விற்கிறவர்களுக்கோ முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்களுக்கு 2023 அக்டோபரில்தான் இது தளர்ந்தது. சொந்தத் தளம் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடையில் 2016 நவம்பர். 8-ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். பிரகதி மைதானத்தில் கண்காட்சி தொடங்கியது 14-ஆம் தேதி. ஆறே நாள் இடைவெளி. கையில் சில்லறை இல்லாத கூட்டத்தின் முன்னால் சரக்கோடு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு மட்டுமே விற்க முடிந்தவருக்கு அந்த வருடம் அதோடு போயிற்று. வாங்குபவரின் எண்ணைக் குறித்துக்கொண்டவருக்கு டிசம்பர் ஒன்று மிச்சம் இருந்தது.

எனக்குப் புரிந்தது இதுதான். ஸ்டாலில் விற்ற தொகையை மட்டும் பார்த்து நஷ்டம் என்று எழுதிய நான், காலி வண்டியோடு திரும்பும் பழைய சந்தைக்காரனின் கணக்கைப் போட்டிருக்கிறேன். என் மனைவி போட்டது லைப்சிக் கணக்கு. அவருடைய இணையக் கடைக்கு இல்லாத முகத்தை நான்கு நாள் வாடகைக்கு எடுத்தார். சந்தைக்கு இல்லாத முகவரியை இணையக் கடை கொடுத்தது.

அந்த நோட்டில் இருந்தவர்களுக்கு வரிசையாகப் பேசினார். பாதிப் பேர் எடுக்கவில்லை. சிலர் யாரென்றே நினைவில்லை என்றார்கள். "அந்த மூடி போட்ட பெட்டிதானே?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். தீபாவளிக்குள் ஸ்டால் வாடகை திரும்பி வந்துவிட்டது. பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடையை மூடும் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

ஸ்டால் போடப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: பேனா இரண்டாக எடுத்துப் போங்கள். ஒன்றை யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.