எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களும் நீலகிரி மண்ணும்

பெட்ரோலிய எண்ணெயை உணவாகக் கொண்டு சிதைக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் இயற்கையிலேயே பரவிக் கிடக்கின்றன என்பதை, 1946இல் நுண்ணுயிரியலாளர் கிளாட் சோபெல் எழுதிய தொகுப்பாய்வு விரிவாக எடுத்துரைத்தது. வங்கத்தில் பிறந்து அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கும் ஆற்றல்களை ஏந்திய பிளாஸ்மிடுகளை, அதாவது உயிரணுவுக்குள் தனித்திருக்கும் சிறு டி.என்.ஏ. வளையங்களை, ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவில் ஒன்றுசேர்த்தார். உயிருள்ளதற்குக் காப்புரிமை உண்டா என்ற வழக்கில் 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்காக் கரைகளில் படிந்தபோது நுண்ணுயிர்ச் சிதைப்புக்குப் பெரிதும் கைகொடுத்தவை நைட்ரஜன், பாஸ்பரஸ் உரங்களே. அவை அங்கு ஏற்கெனவே வாழ்ந்த நுண்ணுயிர்களைப் பெருக்கின. வல்லமை மிக்க ஓர் உயிரைப் படைப்பதைவிட, மண்ணில் உள்ள உயிர்களுக்கு வேண்டிய சூழலை அமைத்துத் தருவதே பயன் தரும் என்ற இத்தெளிவை இத்துறையின் முதன்மையான திருப்பமாகக் கொள்ளலாம்.

இந்தியாவில் டெரி என்னும் ஆய்வு நிறுவனம், ஒன்றோடொன்று துணைநின்று எண்ணெயின் பல கூறுகளைச் சிதைக்கும் பாக்டீரியாக் கூட்டத்தை ‘ஆயில்சாப்பர்’ என்னும் தூளாக உருவாக்கியது. தமிழ்நாட்டில், 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய்க் கசடு பெரும்பாலும் வாளிகளால் மனிதர் கைகளாலேயே அள்ளப்பட்டது என்பது வேதனைக்குரியது. அள்ளிய கசடு பின்னர் நுண்ணுயிர்ச் சிதைப்புக்கு உட்படுத்தப்பட்டது.

கடற்கரை வெப்பத்தில் கிடைத்த இவ்வனுபவத்தை நீலகிரிக்கு அப்படியே கொண்டுவர இயலாது. மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சில நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியுள்ளன. தேயிலைத் தொழிற்சாலைகளில் டீசல் ஜெனரேட்டர்களும் லாரிகளும் இயங்குகின்றன. இத்தகைய இடங்களில் சிறிது சிறிதாகச் சிந்தும் எண்ணெயே இம்மலையில் கருதத்தக்க இடர். எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நடுநிலையை ஒட்டிய மண்ணில் நன்கு செயல்பட, தேயிலை மண்ணோ 4.5 முதல் 5.5 வரையிலான கார அமில அளவு கொண்ட அமில மண். டோலமைட் என்னும் சுண்ணாம்பு வகையை இட்டு அமிலத்தைப் பெரிதும் தணித்தால் நுண்ணுயிர் செழிக்கும், தேயிலை வாடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையின் உறைபனி இரவுகளில் சிதைப்பு மிகவும் மந்தமாகும். பருவமழையில் மண்துளைகள் நீரால் நிரம்பினால், ஹைட்ரோகார்பனை உடைக்கத் தொடங்கும் நொதிகளுக்குத் தேவையான ஆக்சிஜன் குறையும். சரிவில் இட்ட உரம் எண்ணெயோடு சேர்ந்து ஓடைக்கு இறங்கும். ஆகவே கறைபட்ட மண்ணை அகழ்ந்து, கூரையிட்ட, கசிவு தடுத்த மேடையில் குவித்து, சுண்ணாம்பும் உரமும் சேர்த்து அவ்வப்போது கிளறிவிடுவதே இங்குப் பொருத்தமானது.

தாவரங்களின் பங்கு அதற்குப் பின்னர் வருகிறது. வேர்கள் கசியவிடும் சர்க்கரைகளும் கரிம அமிலங்களும் வேரைச் சூழ்ந்த நுண்ணுயிர்களை வளர்க்கின்றன; வேர்த்தடங்கள் வழியே காற்றும் உட்புகுகிறது. பழைய தேயிலைச் செடிகளை அகற்றிய நிலத்தில், மறுநடவுக்கு முன் மண்ணைத் தேற்றக் குவாத்தமாலா புல் வளர்க்கும் வழக்கம் தோட்டங்களுக்குப் புதிதன்று. அடர்ந்த வேர் கொண்ட அப்புல்லையும் வெட்டிவேரையும், எண்ணெய் அளவு ஓரளவு தணிந்த மண்ணில் சோதித்துப் பார்ப்பது தகும். எனினும் கொதிகலன்களில் எரிக்கும் கனத்த உலை எண்ணெயில் மிகுந்திருக்கும் அஸ்பால்ட்டீன் என்னும் கனத்த கூறுகள் நுண்ணுயிருக்கும் வேருக்கும் எளிதில் வசப்படுவதில்லை. மேலே புல் பசுமையாக வளர்ந்திருப்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாமல், எஞ்சிய எண்ணெயை ஆய்வகத்தில் அளந்த பின்னரே அம்மண்ணை மீண்டும் பயிருக்கு விடவேண்டியிருக்கிறது.