பட்டப்பெயர்ச் சுவரும் படச் சுவரும்

மே மாதம் வந்தால் ஊருக்கு ஊர் கல்லூரி விளம்பரம். கண்ணாடி பதித்த கட்டடம், ட்ரோன் காட்சி, மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கும் நான்கு பேர். பெயரை மறைத்துவிட்டால் காஞ்சிபுரத்துக் கல்லூரியா, கோயம்புத்தூர்க் கல்லூரியா என்று சொல்ல முடியாது. தன்னைக் காட்டிக்கொள்ள வேறு வழியும் உண்டு என்பதற்குக் காஞ்சியிலேயே சாட்சி இருக்கிறது: 8-ஆம் நூற்றாண்டுக் கோயில்கள் இரண்டு.

கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் பல்லவ அரசன் இராஜசிம்மன் தன் பட்டப்பெயர்களை வெட்டிவைத்தான். 200-க்கும் மேல். ரணஜயன் என்கிறது ஒன்று. எந்தப் போரில், யாரை வென்றான் என்று அது சொல்வதில்லை. விளம்பரங்களில் வரும் 'முதன்மைக் கல்லூரி', '100 சதவீத வேலைவாய்ப்பு' எல்லாம் இந்த வகைதான்.

இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த வைகுண்டப் பெருமாள் கோயிலில் பட்டங்களுக்குப் பதில் நிகழ்ச்சிகள். உள்சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் வரலாறு இரண்டு வரிசைச் சிற்பமாக ஓடுகிறது. சில காட்சிகளுக்குத் தமிழில் குறிப்பும் உண்டு. பல்லவ அரசன் இறந்துபோக, அரியணை ஏற ஆள் கேட்டுக் காஞ்சியிலிருந்து ஒரு குழு, பல்லவரின் கிளைவழியில் வந்த இரணியவர்மனைத் தேடிச் செல்கிறது. அவனுடைய மூத்த பிள்ளைகள் மறுக்கிறார்கள். கடைக்குட்டி பல்லவமல்லன், அதாவது பின்னாளைய இரண்டாம் நந்திவர்மன், நான் போகிறேன் என்கிறான். பன்னிரண்டே வயது என்று தகப்பன் தயங்குகிறான். மறுப்பையும் தயக்கத்தையும் விடாமல் சொன்னதால்தான் கதை நம்பும்படி இருக்கிறது. சென்ற குழுவில் கடிகை என்னும் கல்விக்கூடத்தைச் சேர்ந்த கடிகையாரும் உண்டு. கடம்ப மரபின் மயூரசர்மன் 4-ஆம் நூற்றாண்டில் படிக்க வந்ததும் காஞ்சிக் கடிகைக்குத்தான்.

இதுவும் விளம்பரம்தான், சந்தேகமில்லை. நேர்வாரிசு அல்லாத அரசன் தன் உரிமையைக் கல்லில் நிலைநாட்டிக்கொண்டான். ஆனாலும் ஆள், இடம், நிகழ்ச்சி என்று பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது.

காஞ்சிக் கல்லூரியின் காணொளியில் எது வரலாம்? காஞ்சியின் கோர்வைப் பட்டுச்சேலையில் உடலையும் கரையையும் மூன்று நாடா போட்டு நெய்வார்கள். நெய்பவருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். வீட்டுத் தறியில் அந்த வேலையைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு ஓடிவரும் மாணவர் இருந்தால் அவரைக் காட்டலாம். அதற்காக யாரையோ பட்டுச்சேலை கட்டவைத்துத் தறிமுன் உட்காரவைத்தால், அது இன்னொரு பட்டப்பெயர். மடிக்கணினி முன் விலைக்கு வாங்கிய சிரிப்பைவிட மோசம்.

இந்த ஆண்டு சேர்க்கைக் கையேடு தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: படத்தில் இருப்பவரிடம் ஒப்புதல் வாங்குங்கள், எங்கே, எப்போது எடுத்தது என்று ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். அப்படி எழுத முடியாத படத்தை நீக்கிவிடுங்கள்.