தொலைபேசி இலக்கம் அடையாள அட்டையான கதை

இணையத்தில் இன்று எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளிருந்து வரும் முதற் கேள்வி, "உங்கள் கையடக்கத் தொலைபேசி இலக்கம் என்ன?" என்பதாகவே இருக்கிறது. மின்னஞ்சல் முகவரி ஒன்றைப் பெறுவதற்கும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கும், பழைய சைக்கிள் ஒன்றை விற்க விளம்பரம் இடுவதற்கும் இலக்கத்தைக் கொடுத்தாக வேண்டும். சில விநாடிகளில் குறுந்தகவலாக ஆறிலக்கக் குறியீடொன்று வந்து சேரும். அதனைத் திருப்பி எழுதினால் கதவு திறக்கும். இந்த நடைமுறை காலங்காலமாக இருந்து வருகிறது என்ற எண்ணம் இளைய தலைமுறையினரிடம் உண்டு. உண்மையில் இதன் வயது இருபது ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம். இக்குறுகிய காலத்துக்குள் தொலைபேசி இலக்கம் எவ்வாறு அடையாள அட்டையாகியது என்பதையும், அதற்கு மாற்றாகத் தற்காலிக இலக்கங்கள் எவ்வாறு தோன்றின என்பதையும் இங்கு எடுத்துக் கூற விரும்புகிறேன்.

முதலில் குறுந்தகவலின் பிறப்பைப் பார்ப்போம். 1984, 1985ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியரான பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்டும் பிரான்ஸைச் சேர்ந்த பெர்னார்ட் கில்பேரும், தொலைபேசி வலையமைப்பு தன் சொந்தத் தேவைக்கென வைத்திருக்கும் சமிக்ஞைப் பாதையில் ஓய்வு நேரங்களில் சிறு செய்திகளை அனுப்பலாம் என்ற யோசனையை முன்வைத்தனர். 160 எழுத்துக்கள் போதும் என்று முடிவாயிற்று. 1992 டிசெம்பர் 3ஆம் திகதி பிரித்தானியாவில் நீல் பப்வேர்த் என்ற இளம் பொறியியலாளர், வொடபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸுக்கு நத்தார் வாழ்த்து ஒன்றை அனுப்பினார். அதுவே உலகின் முதற் குறுந்தகவல். அவர் அதனை அனுப்பியது தொலைபேசியிலிருந்து அன்று, கணினியிலிருந்து. ஒரு முனையில் கணினி இருந்தாலும் குறுந்தகவல் இயங்கும் என்பது முதல் நாளிலேயே நிரூபணமாகிவிட்டது. பிற்காலத்து மெய்நிகர் இலக்கங்களுக்கான வித்து அங்கேயே விழுந்து கிடந்தது எனலாம்.

இந்தச் சேவையை வடிவமைத்தவர்கள் இதனை ஒரு பூட்டாகவோ திறப்பாகவோ எண்ணவில்லை. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையிலுள்ள தொலைபேசி நிறுவனங்கள் செய்தியை வாசிக்க முடியாதபடி மூடி முத்திரையிடும் ஏற்பாடு எதுவும் இதில் இல்லை. தபாலட்டையை வழியிலுள்ளவர்கள் வாசிக்கக்கூடியது போன்றதே குறுந்தகவலும்.

இலங்கையில் 1989ஆம் ஆண்டிலேயே கையடக்கத் தொலைபேசிச் சேவை ஆரம்பமாயிற்று. தெற்காசியாவில் அதுவே முதலாவது. ஆயினும் அது நீண்ட காலம் வசதி படைத்தோரின் உடைமையாகவே இருந்தது. நான் பணியாற்றிய ஆசிரியபீடத்தில் ஒரு தொலைபேசியைப் பலர் பகிர்ந்து கொண்டோம். அந்த இலக்கம் ஒரு மேசைக்கு உரியது. மணி ஒலித்தால் அருகிலிருப்பவர் எடுப்பார், உரியவரைக் கூப்பிடுவார். இலக்கத்தை வைத்து ஆளை அறியலாம் என்ற எண்ணமே அன்று எவருக்கும் எழுந்ததில்லை. கையடக்கத் தொலைபேசி பரவலாகி, ஓர் ஆளுக்கு ஓர் இலக்கம் என்ற நிலை வந்த பின்னரே அந்த எண்ணத்துக்கு இடமுண்டாயிற்று.

மாற்றத்தின் முக்கியமான கட்டம் 2004இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஏப்ரல் முதலாம் திகதி கூகிள் நிறுவனம் ஜிமெயில் சேவையை அறிமுகப்படுத்தியது. முன்பே கணக்கு வைத்திருப்பவரின் அழைப்பிருந்தால் மட்டுமே புதியவர் உள்ளே வரலாம். 2005 ஒகஸ்டில் ஐக்கிய அமெரிக்காவில் இன்னொரு வாசல் திறக்கப்பட்டது. கையடக்கத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, குறுந்தகவலில் வரும் குறியீட்டின் மூலம் கணக்கைத் தொடங்கலாம் என்பதே அது. மின்னஞ்சல் முகவரிகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கிக் குப்பை அஞ்சல்களை அனுப்புவோரின் தொல்லை அப்போது பெருகியிருந்தது. முகவரிக்குச் செலவில்லை, தொலைபேசி இலக்கத்துக்கோ பணம் வேண்டும். ஒருவரிடம் ஆயிரம் இலக்கங்கள் இருக்க முடியாது என்ற எளிய கணக்கே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

பின்னர் வேகம் கூடியது. 2009இல் தொடங்கிய வட்ஸ்அப், பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்காமல் தொலைபேசி இலக்கத்தையே பாவனையாளரின் பெயராக்கியது. 2011 பெப்ரவரியில் கூகிள் தன் பாவனையாளர் அனைவருக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை வழங்கத் தொடங்கியது. வங்கிகளும் ஏனைய சேவைகளும் அதே பாதையில் சென்றன. இந்தப் பணிக்குத் தொலைபேசி இலக்கம் பொருத்தமானதா என்று எந்த நாட்டுப் பாராளுமன்றமும் விவாதித்து முடிவெடுத்ததாக நான் அறியேன். நிறுவனங்களுக்கு வசதியாக இருந்தது, வழக்கமாயிற்று.

வழக்கம் வேரூன்றிய அதே காலத்தில் அதன் மறுபக்கமும் வளர்ந்தது. இணையத்தின் வழியே குரலைக் கடத்தும் தொழில்நுட்பம் வந்த பிறகு, ஒரு தொலைபேசி இலக்கத்துக்குக் கம்பியோ கருவியோ சிம் அட்டையோ தேவையில்லை என்றாயிற்று. கணினி ஒன்றில் பதிவாகியுள்ள வரி ஒன்றே இலக்கமாகிவிடும். கூகிள் 2007இல் வாங்கி 2009இல் கூகிள் வொய்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட சேவை இவ்வகையினது. 2008இல் தொடங்கப்பட்ட ட்விலியோ போன்ற நிறுவனங்கள், வீட்டை வாடகைக்குக் கொடுப்பது போல இலக்கங்களை மாத வாடகைக்குக் கொடுத்தன. இவை சட்டபூர்வமான, பயனுள்ள தொழில்கள். இதே தொழில்நுட்பத்தின் ஓரத்தில் இன்னொரு வணிகம் முளைத்தது. சில இணையத்தளங்கள் சில இலக்கங்களைப் பகிரங்கமாக வெளியிட்டு, அவற்றுக்கு வரும் குறுந்தகவல்கள் அனைத்தையும் எவரும் பார்க்கும்படி வைத்தன. வேறு சில, சொற்பப் பணத்துக்குச் சில நிமிடங்கள் மட்டும் ஓர் இலக்கத்தை வழங்கின. குறியீடு வந்ததும் வேலை முடிந்தது.

பத்திரிகைத் துறையில் ஊறியவர்களுக்கு இதில் ஒரு பழைய சாயல் தெரியும். எங்கள் பத்திரிகைகளின் மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களில் முகவரிக்குப் பதிலாகப் பெட்டி இலக்கம் ஒன்று இருக்கும். பதில் எழுதுவோர் அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். விளம்பரப் பிரிவில் கடிதங்கள் சேர்த்து வைக்கப்பட்டு உரியவரிடம் ஒப்படைக்கப்படும். பெண்ணைப் பெற்றவர் தன் பெயரையும் ஊரையும் நாடறியச் சொல்ல விரும்பாததில் குற்றம் எதுவும் இல்லை. தன்னை மறைத்துக்கொண்டு ஒரு பதிலைப் பெற விரும்புவது மனிதருக்கு இயல்பான, நியாயமான தேவை.

இணையத்தில் இலக்கத்தை மறைக்க விரும்புவோருக்கும் நியாயங்கள் உண்டு. பாதுகாப்புக்கென்று வாங்கிய இலக்கங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியமை, 2019 ஜூலையில் ஐக்கிய அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு பேஸ்புக் நிறுவனத்துக்கு 5 பில்லியன் டொலர் தண்டப்பணம் விதித்தபோது சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2022 மே மாதத்தில் இதே காரணத்துக்காக ட்விட்டர் நிறுவனம் 150 மில்லியன் டொலர் செலுத்த நேர்ந்தது. 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட பேஸ்புக் பாவனையாளர்களின் தகவல்கள் தொலைபேசி இலக்கங்களுடன் இணையத்தில் கொட்டப்பட்டன. இலக்கத்தைக் கொடுக்கத் தயங்குபவரைச் சந்தேகப் பேர்வழி என்று கூறிவிட முடியாது.

ஆனால் தற்காலிக இலக்கம் இத்தேவையை எவ்வாறு நிறைவேற்றுகிறது? ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பகிரங்க இலக்கங்களுக்கு 14 மாத காலத்தில் வந்த ஏறத்தாழ நான்கு இலட்சம் குறுந்தகவல்களை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். கணக்குகளைத் திறக்கும் குறியீடுகள் மட்டுமன்றி, அந்தரங்கமான நிதி விபரங்களும் அவற்றில் காணப்பட்டன. மறைந்துகொள்ள வந்தவர்கள் தங்கள் திறப்பைச் சந்தியில் தொங்கவிட்டுச் சென்றிருந்தனர். இன்று நான் பயன்படுத்திய பகிரங்க இலக்கத்தை நாளை வேறொருவர் பயன்படுத்துவார். கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று அவர் ஒரு பொத்தானை அழுத்தினால், என் கணக்கு அவருடையதாகிவிடும்.

சொந்த இலக்கம் வைத்திருப்பவர்களும் இந்த ஆபத்துக்கு வெளியே இல்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2021இல், புதிய வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கெனத் தொலைபேசி நிறுவனங்கள் வைத்திருந்த 259 இலக்கங்களைப் பரிசோதித்தனர். அவற்றில் 171 இலக்கங்கள் பழைய உரிமையாளர்களின் இணையக் கணக்குகளுடன் இன்னமும் பிணைக்கப்பட்டிருந்தன. இதனை வாசித்தபோது, மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் நம்மவர்களே என் நினைவுக்கு வந்தனர். ஊரில் வாங்கிய சிம் அட்டைக்கு ரீலோட் செய்யாமல் நீண்ட காலம் விட்டால் இலக்கம் செயலிழந்து, பின்னர் இன்னொருவர் கைக்குப் போய்விடும். இலக்கத்துடன் சேர்ந்து மின்னஞ்சலும், அதனுள் இருக்கும் கடிதங்களும் புகைப்படங்களும் கைவிட்டுப் போகலாம். நம் ஒவ்வொருவரின் இலக்கமும் ஒருவகையில் தற்காலிக இலக்கமே.

இனி இவ்வணிகத்தின் இருண்ட பகுதி. ஒருவரிடம் ஆயிரம் இலக்கங்கள் இருக்க முடியாது என்ற 2005ஆம் ஆண்டுக் கணக்கு பொய்த்துவிட்டது. ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் 2022 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, தீய மென்பொருள் புகுந்த சாதாரண அன்ட்ரொய்ட் தொலைபேசிகளுக்கு வரும் குறியீடுகள், உரிமையாளர் அறியாமலே களவாடி விற்கப்படுவதைக் காட்டியது. 2025 ஒக்டோபரில் லத்வியாவில் ஐரோப்பியப் பொலிஸார் நடத்திய நடவடிக்கையில், 1,200 சிம் பெட்டிகளும் அவற்றில் இயங்கிய 40,000 சிம் அட்டைகளும் கைப்பற்றப்பட்டு, எழுவர் கைதாகினர். இந்த இலக்கங்களைக் கொண்டு 4 கோடியே 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் உருவாக்கப்பட்டதாகப் பொலிஸார் கூறினர். ஒஸ்திரியாவில் மட்டும் இதனுடன் தொடர்புடைய மோசடிகளால் ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 45 இலட்சம் யூரோ. அங்கே ஏமாந்தவர்களைப் போன்று எல்லா நாடுகளிலும், பிள்ளையின் பெயரில் வந்த செய்தியை நம்பிப் பணம் அனுப்பிய பெற்றோரும், இல்லாத கடையில் பொருள் வாங்கியோரும் இருக்கிறார்கள்.

பத்திரிகையாளர் என்ற வகையில் என்னை அதிகம் உறுத்துவது வேறொரு விடயம். இலக்கம் தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நிறுவனமோ அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரத்தில் தங்கியிருக்கிறது. 2016 ஏப்ரல் இறுதியில் மொஸ்கோவில் எதிரணிச் செயற்பாட்டாளர் இருவரின் டெலிகிராம் கணக்குகளுக்குள் எவரோ நுழைந்தனர். அந்த இரவில் தங்களது குறுந்தகவல் சேவை துண்டிக்கப்பட்டிருந்ததாக அவர்கள் கூறினர். சீனாவில் 2019 டிசெம்பர் முதல் புதிய சிம் அட்டை பெறுபவர் தன் முகத்தையும் பதிவுசெய்ய வேண்டும். அரசு தொடர்புடைய காரணமில்லாமலும் இது நிகழலாம். 2022 ஒகஸ்டில் ட்விலியோ நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்தபோது, சிக்னல் சேவையின் ஏறத்தாழ 1,900 பாவனையாளர்களின் இலக்கங்கள் ஆபத்துக்குள்ளாயின. திருடர்கள் குறிப்பாகத் தேடியவை மூன்று இலக்கங்கள். அவற்றுள் கணக்கு கைப்பற்றப்பட்டது ஒரு பத்திரிகையாளருடையது. செய்தி தந்தவரைக் காட்டிக்கொடுக்காதிருப்பது எங்கள் தொழிலின் முதல் அறம். அந்த அறத்தின் திறப்பு எங்களிடம் இல்லாமற் போவது சிறிய விடயமன்று.

விபரமறிந்தவர்கள் முன்பே எச்சரித்திருந்தனர். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய தொழில்நுட்ப நிறுவகம், குறுந்தகவல் சரிபார்ப்பைக் கைவிடும் திசையில் 2016இலேயே வரைவொன்றை வெளியிட்டது. 2017இல் இறுதியாக்கியபோது, கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த வேண்டிய முறை என்று அதனை வகைப்படுத்தியது. குறியீட்டைத் தொலைபேசிக்குள்ளேயே உருவாக்கும் செயலிகளும், கையில் வைத்திருக்கக்கூடிய பாதுகாப்புச் சாவிகளும் இன்று கிடைக்கின்றன. இலக்கத்தைப் பிறருக்குக் காட்டாமலே உரையாடும் வசதியைச் சிக்னல் 2024 பெப்ரவரியில் கொண்டு வந்தது. ஆயினும் கணக்கைத் தொடங்குவதற்கு அதற்கும் ஓர் இலக்கம் தேவைப்படுகிறது. வசதியுள்ள வாசகர்கள் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் குறுந்தகவலுக்குப் பதிலாக இத்தகைய முறைகளுக்கு மாறிக்கொள்வது நல்லது. இழந்தால் வருந்தக்கூடிய எந்தக் கணக்கையும் இரவல் இலக்கத்தில் தொடங்காதீர்கள். வெளிநாடு செல்லுமுன், பழைய இலக்கத்தை எந்தெந்தக் கணக்குகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பெட்டி இலக்கத்துக்கும் தற்காலிக இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் இவ்வாறே விளங்கிக்கொள்கிறேன். விளம்பரதாரரின் பெயர் வாசகருக்குத் தெரியாது, ஆனால் பத்திரிகைக்குத் தெரியும். எவரேனும் மோசடி செய்தால் கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது, கடிதம் தொலைந்தால் பொறுப்புக் கூற ஒருவர் இருந்தார். தற்காலிக இலக்கத்தில் மறைவு இருக்கிறது, பொறுப்பாளர் இல்லை. நிறுவனங்கள் கேட்கும் சொந்த இலக்கத்திலோ பொறுப்பு முழுவதும் நம் தலையில், மறைவு எதுவும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில், பெயரை வெளியிடாமலும் ஏமாற்றுக்கு இடங்கொடாமலும் ஒருவரை அறிந்துகொள்ளும் ஏற்பாடு நூறு ரூபா விளம்பரத்துக்குச் சாத்தியமாக இருந்தது. பில்லியன் டொலர் நிறுவனங்களுக்கு அது ஏன் முடியாது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.