தொழில்நுட்பம் தேறிவிட்டதா? – ஓர் அளவுகோலின் வரலாறு

உருவாக்கத்தில் இருக்கும் ஒரு பொறியியல் அமைப்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று சொல்ல நெடுங்காலம் பொதுவான அளவுகோல் இருந்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை இயங்கிவிட்டாலே ஆராய்ச்சியாளர் அதைத் ‘தயார்’ என்பார். விண்கலத்தில் பொருத்தி அனுப்பத் துணிவு வந்தால்தான் திட்டப் பொறியாளர் அந்தச் சொல்லை ஏற்பார். இருவருக்கும் பொதுவான அளவாக, 1974-இல் அமெரிக்காவின் நாசாவில் ஸ்டான் சேடின் என்ற ஆராய்ச்சியாளர் படிநிலை முறை ஒன்றை வகுத்தார். ஏழு படிகள் கொண்ட அது முறையாக வரையறுக்கப்பட்டது 1989-இல்தான். பின்னர் படிகள் ஒன்பதாயின. 1995-இல் ஜான் மேன்கின்ஸ் ஒவ்வொரு படிக்கும் தெளிவான விளக்கம் எழுதினார். இன்று ‘டி.ஆர்.எல்.’ என்று வழங்கும் தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோல் இதுதான்.

அடிப்படை அறிவியல் கொள்கை கண்டறியப்படுவது முதற்படி. கருத்து செல்லுபடியாகும் என்று சோதனையில் நிரூபிப்பது மூன்றாவது. நான்காவதில் உறுப்புகள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து இயங்க வேண்டும். ஐந்தும் ஆறும்தான் கடினமானவை. பொருள் உண்மையில் வேலை செய்யப்போகும் வெப்பம், அதிர்வு, வெற்றிடம் போன்ற சூழலை உண்டாக்கி, முதலில் உறுப்புகளையும் பிறகு முன்மாதிரியையும் அதற்குள் சோதிக்க வேண்டும். அதற்கான சோதனைக்கூடங்கள் பெரும் செலவு பிடிப்பவை. ஆய்வுக்கான நிதி அதற்குள் தீர்ந்துவிடும். திட்டத்துக்கான நிதியோ இன்னும் வந்திருக்காது. பல நல்ல தொழில்நுட்பங்கள் நின்றுபோவது இந்த இடத்தில்தான். ஏழாவது படியில் முன்மாதிரி விண்ணில் இயங்கிக் காட்ட வேண்டும். ஒன்பதாவது, உண்மையான பயணத்தில் வெற்றி.

சூழல் என்ற சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு இந்தியாவின் கிரையோஜெனிக் எஞ்சின் நல்ல சான்று. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் 2007 நவம்பரில் உள்நாட்டு கிரையோஜெனிக் அடுக்கு 720 விநாடிகள் தரையில் எரிந்து தேறியது. ஆயினும் 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-3 பயணத்தில், எஞ்சின் பற்றியவுடன் எரிபொருள் ஊட்டும் துணைப் பம்பு நின்றுபோக, ராக்கெட் கடலில் விழுந்தது. பின்பு அந்தப் பம்பு திருத்தி வடிவமைக்கப்பட்டது. உயர்வெளியின் வெற்றிடத்தை மகேந்திரகிரியிலேயே உண்டாக்கி, அதற்குள் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று டி-5 ராக்கெட் ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

நாசாவுக்கு வெளியே இந்த அளவுகோல் பரவியதற்குக் காரணம் பணம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., முதிராத தொழில்நுட்பங்களை ஆயுதத் திட்டங்களில் சேர்ப்பதால் செலவும் காலமும் பெருகுகின்றன என்று 1999-இல் எடுத்துக்காட்டி, இதைப் பயன்படுத்தச் சொன்னது. 2001-இல் பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்டது. 2013-இல் ஐ.எஸ்.ஓ. 16290 என்ற உலகத் தரநிலை வந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் 2020 ஆய்வு நிதித் திட்டமும் இதே படிகளைக் கையாண்டது.

பரவப் பரவ அளவுகோலின் கூர்மை குறைந்தது. நிதி கேட்பவரே தன் படியைக் குறிக்கும்போது எண் உயரத்தான் செய்யும். இன்னொரு குறை அடிப்படையானது: தனித்தனியே தேறிய உறுப்புகள் ஒன்றுசேரும்போது ஒத்துழைக்குமா என்பதை இந்த எண் சொல்லாது. இதற்காக அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிரையன் சாசரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல், உறுப்புகளின் இணைப்பையும் கணக்கில் கொள்ளும் ‘அமைப்புத் தயார்நிலை’ என்ற அளவை முன்வைத்தார்கள். அது டி.ஆர்.எல். அளவுக்குப் பரவவில்லை. முதற்குறைக்கு ஜி.ஏ.ஓ. 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி விடை தருகிறது: மதிப்பிடுவோர் திட்டத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும்; கொடுக்கும் ஒவ்வொரு படிக்கும் சோதனை ஆதாரம் பதிவாக வேண்டும்.